போன், மைக், இரண்டு மொழி: பாலக்காட்டுப் பயிற்சிக்கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு டவுனில், பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றின் மாடியில் எங்கள் பயிற்சிக்கூடம் இருக்கிறது. வீடியோ எடுப்பது, ஒலிப்பதிவு, எடிட்டிங், போஸ்டர், சப்டைட்டில் ஆகியவற்றைச் சொல்லித்தருகிறோம். அரசு ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த லட்சம்வீடு காலனிகளிலிருந்தும் ஒலவக்கோட்டு ரயில்வே லைன் ஓரத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வாசலில் நின்றும் போனிலும் அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீட்டித்தான் பதில் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் சேரலாம்? கட்டணம் எவ்வளவு?

டவுனுக்குள் குடியிருக்கிற, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள், 18 முதல் 28 வயதுவரை. கேரளத்தில் ஏழை வீடுகளுக்குத் தருகிற மஞ்சள் அல்லது ரோஸ் ரேஷன் கார்டு இருந்தால் வேறு காகிதம் கேட்க மாட்டோம். நீலக் கார்டும் வெள்ளைக் கார்டும் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற வீடுகளும் உண்டு. அவர்கள் நேரில் வந்து பேசினால் போதும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, கார்டே இல்லாமல் இங்கே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பியதில்லை. பத்தாவதில் தோற்றவர், பிளஸ் டூவைப் பாதியில் விட்டவர், எல்லோரும் வரலாம்.

கட்டணம் கிடையாது. 500 ரூபாய் முன்பணம் மட்டும் வாங்குகிறோம், நான்கு மாதம் முடித்தால் கையில் திருப்பித் தருகிறோம். எல்லாம் இலவசம் என்று நடத்திய காலத்தில் இரண்டாவது வாரமே பாதி நாற்காலி காலி. அந்த 500 ரூபாய் வந்ததிலிருந்து, வராத பிள்ளையை அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிவருகிறார்.

பாடம் தமிழிலா, மலையாளத்திலா? எனக்கு இங்கிலீஷ் வராதே?

எல்லையூர் வழக்கப்படி கலந்துதான். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்த ஊர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரே பையன் ஒரே மூச்சில் என்னை 'அண்ணா' என்றும் பக்கத்து மாஸ்டரை, மலையாளத்து அண்ணாவான 'ஏட்டா' என்றும் கூப்பிடுவான். நாங்கள் அதைத் திருத்துவதில்லை. அது காசாகிற விஷயம், கீழே வருகிறது.

இங்கிலீஷைப் பற்றி ஒரே பேச்சு. மெனுவில் தினம் கண்ணில் படுகிற சொற்கள் ஐம்பது அறுபதுதான். பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 1984-ல் அகமதாபாத்தில் 'சேவா' என்கிற உழைக்கும் பெண்கள் சங்கத்துப் பெண்கள் வீடியோ கற்றுக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தோளை இறக்குகிற எடையில் டேப் மெஷின் இருந்த காலம் அது.

கேமரா இல்லை. கையில் இருக்கிற போனை வைத்து எதுவும் செய்ய முடியுமா?

2021 ஜூலையில் திருவனந்தபுரம் ராஜாஜி நகரில், பழைய பெயர் செங்கல்சூளை, காலனிப் பையன்கள் 'அயன்' படத்துப் பாட்டு ஒன்றை ஷாட் பை ஷாட்டாகப் போனிலேயே எடுத்து இணையத்தில் போட்டார்கள். சூர்யாவே பார்த்துவிட்டுப் பாராட்டினார். அந்த வீடியோவை ஆட்டத்துக்காகப் பார்க்காமல், ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த ஷாட் எத்தனை விநாடி நிற்கிறது, கேமரா எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கு வைத்து எடுத்திருப்பது தெரியும். அந்தக் கணக்கைத்தான் நாங்கள் சொல்லித்தருகிறோம். அது போனிலும் இருக்கும், லட்ச ரூபாய் கேமராவிலும் இருக்கும்.

போனில் ஒரே ஒரு செட்டிங் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட், மலிவு எல்இடி பல்புக்கு அடியில் எடுத்தால் வரி வரியாக ஓடுவது அதனால்தான். புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோ முழுக்க இந்த வரி ஓடி, காசு வாங்காமல் திரும்பிய அனுபவம் எனக்கே உண்டு.

முதல் மூன்று வாரம் படமே எடுக்க விடாமல் சவுண்டு மட்டும் சொல்லித்தருகிறீர்களாமே, ஏன்?

உண்மைதான், திட்டும் வாங்குகிறோம். படம் சுமாராக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். குரல் தெளிவாக இல்லாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடும்.

முதல் பயிற்சி இதுதான்: ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்குப் போ, கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்துகொண்டு வா. எல்லோரும் பெருமையாகக் கொண்டுவருவார்கள். வகுப்பில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜின் ரீங்காரம், டீ ஆற்றுகிற சத்தம், கண்டக்டரின் 'கோயம்புத்தூர் கோயம்புத்தூர்'. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ கடைக்காரர். அங்கே நின்றபோது இதெல்லாம் காதில் விழவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். விழுந்திருக்கும், நம் மூளை வடிகட்டிவிடும், மைக் வடிகட்டாது.

மறுநாள் திரும்ப அனுப்புவோம். இந்தத் தடவை கடைக்காரரிடம் கேட்டு ஃபேனை நிறுத்த வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கு முன் உன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வை. வேலை முடிந்து சாவியைத் தேடும்போது பிளக்கைத் திரும்ப மாட்ட ஞாபகம் வந்துவிடும். சாவி வைக்காத ஒருவனால் ஒருநாள் ஆறு பாக்கெட் பால் திரிந்தது. காசை நாங்கள்தான் கொடுத்தோம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் 30 விநாடி சும்மா பதிவு செய். எடிட்டிங்கில் வெட்டு விழுகிற இடத்தை ஒட்டுப்போட அந்த வெற்றுச் சத்தம் வேண்டும்.

வெளியே எடுக்கும்போது நம் ஊருக்கென்று தனி வில்லன் உண்டு: காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. ஆடியில் ஒரு பக்கமிருந்து, மார்கழியில் மறுபக்கமிருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டுப் பக்கம் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. மைக்குக்கு ரோம உறை வாங்கக் காசில்லையா? பழைய கரடி பொம்மையின் தோலை வெட்டித் தைத்துப் போடு, முக்கால்வாசி அடங்கிவிடும்.

லேப்டாப் வாங்க வேண்டுமா? எந்த சாஃப்ட்வேர்?

வாங்க வேண்டாம். கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் ஒன்பது இருக்கின்றன, எல்லாவற்றிலும் லினக்ஸ். எடிட்டிங்குக்கு கேடென்லைவ், படத்துக்கு கிம்ப், லோகோவுக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி. நான்கும் இலவசம், திருட்டு நகல் தேவையில்லை. கேரளத்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இவை புதிதும் இல்லை. 2018-ல் வந்த 'லிட்டில் கைட்ஸ்' என்கிற பள்ளிக் கம்ப்யூட்டர் கிளப்பில் இருந்த பிள்ளைகள் எங்களுக்கே சொல்லித்தருவார்கள்.

'ஸ்டுடியோவில் பிரீமியர் என்கிற காசு கட்டும் எடிட்டிங் சாஃப்ட்வேர்தானே கேட்பார்கள்?' கேட்பார்கள். டைம்லைன் ஒன்றில் கை பழகிவிட்டால் இன்னொன்றுக்குப் போக ஒரு வாரம் பிடிக்கும். பழைய மெஷினில் வீடியோ திக்கினால் பிராக்ஸி போட்டு எடிட் செய்யுங்கள்: சின்ன நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மட்டும் அசலை எடுத்துக்கொள்ளும்.

போஸ்டரில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. ஃபான்ட் கோளாறா?

பாதி நேரம் ஃபான்ட் இல்லை, சாஃப்ட்வேர். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிகிறது. ஆனால் எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் முதலில் 'க', அதற்குப் பிறகுதான் உயிர்க்குறி. அதை எடுத்து முன்னால் வைத்துக் காட்டுவது சாஃப்ட்வேரின் வேலை. அது தெரியாத சாஃப்ட்வேர் எழுத்தைச் சிதறவிட்டுப் புள்ளி வட்டம் போட்டுவிடும். ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான டெக்ஸ்ட் செட்டிங்கை மாற்றினால் சரியாகும். ஃபிளெக்ஸ் கடைகளில் இன்னும் ஓடுகிற பழைய ஃபான்ட்களில் அடியில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் முகமூடி. அங்கிருந்து காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக வரும்.

இலவச யூனிகோடு ஃபான்ட்களில் எனக்குப் பிடித்தது 'மீரா இனிமை'. 'மீரா' என்ற மலையாள ஃபான்ட்டை வரைந்தவரே வரைந்த தமிழ் எழுத்து அது. நம் ஊர் போஸ்டரில் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரியும்.

சப்டைட்டிலுக்கு ஏன் ஒரு மாதம் முழுக்க ஒதுக்குகிறீர்கள்?

ஏனென்றால் கொச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கிற எடிட்டரிடம் இல்லாத சரக்கு இந்தக் காலனிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்களுக்கே அது சரக்கு என்று தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், டிவியில் இரண்டும்.

ஆனால் இரண்டும் தெரியும் என்பதாலேயே வழுக்கும். போன பேட்சில் ஒரு தங்கச்சி, மலையாளக் கிழவி ஒருத்தியின் பேட்டிக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டது. கிழவி 'காலத்து வெள்ளம் இல்ல' என்கிறார். சப்டைட்டிலிலும் அதே 'வெள்ளம் இல்லை'. தமிழ்நாட்டுக்காரர் பார்த்தால், வெள்ளம் வராதது நல்லதுதானே என்று நினைப்பார். கிழவி சொன்னது காலையில் தண்ணீர் இல்லை என்று. 'பட்டி' என்றால் நமக்குக் கிராமம், அவர்களுக்கு நாய். 'குழப்பமில்லா' என்றால் அங்கே பரவாயில்லை என்று அர்த்தம். கூடத்தின் பின்சுவரில் இப்படிச் சொற்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வருகிறோம். இடம் தீர்ந்து கதவுக்கு வந்துவிட்டது.

தொழில்நுட்பம் எளிது. சப்டைட்டிலைச் சேமிக்கிற எஸ்ஆர்டி கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் அடிக்கலாம். வரிசை எண், தொடங்குகிற நேரம், முடிகிற நேரம், பேச்சு. மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி போட வேண்டும், புள்ளி போட்டால் சில பிளேயர் எடுக்காது. ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பேசியதை எல்லாம் எழுதாதீர்கள்: காது கேட்கிற வேகத்துக்குக் கண் படிக்காது. எதை விடுவது என்று முடிவெடுக்கப் பழகத்தான் அந்த ஒரு மாதம்.

ஏஐ தானாகவே சப்டைட்டில் போடுகிறதே?

போடுகிறது, நாங்களும் முதல் நகலுக்குப் பயன்படுத்துகிறோம். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒருவர் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிற வாக்கியத்தை அதனிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சிரித்துவிட்டுத் திருத்த உட்காருவீர்கள்.

முடித்தால் வேலை நிச்சயமா? சர்டிஃபிகேட் செல்லுமா?

நிச்சயம் இல்லை. நிச்சயம் என்று சொல்கிற இடத்தில் எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் தருகிற காகிதம் எங்கள் காகிதம், அவ்வளவுதான். வேலைக்குப் போகும்போது கேட்பது நீங்கள் செய்த மூன்று வீடியோவை. அரசு மதிப்புள்ள சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவின் கீழும், கேரள அரசின் திறன் பயிற்சி அமைப்பான 'அசாப்' வழியாகவும் படிப்புகள் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க நாங்களே உதவுகிறோம்.

எங்களுடையது தமிழ்நாட்டு எஸ்சி சான்றிதழ். இங்கே ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

எல்லையூரில் அதிகம் கண்ணீர் விடவைக்கிற கேள்வி இது. எஸ்சி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பெற்றோர் பிழைக்க வந்த குடும்பமாக இருந்தால், அதே சாதிப் பெயர் கேரளப் பட்டியலில் இருந்தாலும், கேரள அரசின் எஸ்சி சலுகைகளுக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லாது. சுப்ரீம் கோர்ட் 1990-லும் 2018-லும் இதைத்தான் சொன்னது. மத்திய அரசு சலுகைகளுக்குப் பூர்வீக மாநிலத்துச் சான்றிதழ் செல்லும். 1950-ல் பட்டியல் வந்தபோதே குடும்பம் இந்தப் பக்கம் குடியிருந்ததற்கு ரெக்கார்டு இருந்தால் கதை வேறு. தாத்தாவின் பழைய பத்திரம், பள்ளிச் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லையான வாளையாறு தாண்டினால் வறுமை மாறுவதில்லை, காகிதம் மட்டும் மாறிவிடுகிறது என்று ஒரு அப்பா சொன்னார். எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் எங்கள் கூடத்தில் சாதிச் சான்றிதழே கேட்பதில்லை.

யூடியூபில் சம்பாதிக்கலாமா?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை. அது வரும்வரை அரிசி வாங்குவது எப்படி? அடுத்தவர் சேனலுக்கு எடிட் செய்து கூலி வாங்குங்கள். உங்கள் சேனல் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருக்கட்டும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமைதாரருக்கு வருமானம் போகும், சில சமயம் வீடியோவே போகும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இருக்கிறது, இல்லாவிட்டால் கல்பாத்தியில் மிருதங்கம் கற்கிற பையனிடம் கேட்டு வாங்குங்கள்.

கல்யாண வேலைக்குப் போகிறோம். பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள். எடுத்த படம் யாருடையது?

1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை அவருக்கே. ஆகவே கல்யாண வீட்டு வீடியோவை உங்கள் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி 'சரி' கூட ஒன்றுமில்லாததற்கு மேல்.

பணத்துக்கு எங்கள் பழக்கம்: தேதி உறுதியாகும்போது மூன்றில் ஒரு பங்கு, கல்யாணத்தன்று இன்னொன்று, ஆல்பமும் பென் டிரைவும் கைமாறும்போது கடைசி. எத்தனை தடவை திருத்தித் தருவோம் என்பதையும் எழுதுங்கள். 'மாமாவுக்குப் பிடிக்கவில்லை' என்று ஒன்பது தடவை திருத்தச் சொன்ன வீடு எனக்குத் தெரியும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு தளத்தில் அது இலவசம். 1,500 ரூபாய் கேட்கிற புரோக்கரைத் தாண்டிப் போங்கள்.

பெண்பிள்ளையைச் சாயங்கால வகுப்புக்கு அனுப்பலாமா?

சாயங்கால வகுப்புக்கு அனுப்பத் தயங்குகிற அம்மாக்கள் பேசித்தான் காலை பேட்ச் ஒன்று வந்தது: 10 மணி முதல் 1 மணி வரை. அதில் கற்றுத்தருகிற இருவரும் பெண்கள். வெளியே படம் எடுக்க மூன்று பேருக்குக் குறைந்து யாரையும் அனுப்புவதில்லை.

அப்பாக்கள் கேட்பது வேறு: 'வீடியோவில் முகம் வருமா?' விருப்பமில்லாமல் யார் முகமும் வராது. எங்கள் மாணவிகளில் பாதிப்பேர் கேமராவுக்குப் பின்னால்தான். ஒருத்தரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்கீழ் மூன்று வருடம்வரை சிறை. இதை முதல் நாளே பையன்களுக்குத்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம்.

'லைக் போட்டால் தினம் 2,000' என்று வருகிற வேலை?

வேலை இல்லை, வலை. முதலில் 150 ரூபாய் தருவார்கள், பிறகு 'டெபாசிட்' கேட்பார்கள். இதைவிட மோசம், உங்கள் பேங்க் அக்கவுண்டைக் கமிஷனுக்குக் கேட்பது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். டிஜிட்டல் தெரிந்த பிள்ளை என்று பெயர் எடுத்தவனைத்தான் முதலில் தேடிவருகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள். வெட்கப்பட்டு ஒருநாள் தள்ளினால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

சேர வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

போன், சார்ஜர், கோடு போட்ட நோட்டு ஒன்று. போனில் குறைந்தது 5 ஜிபி காலியாக இருக்கட்டும். குட் மார்னிங் படங்களை அழித்தாலே அவ்வளவு கிடைக்கும். வருவதற்கு முந்தின இரவு, வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்துகொண்டு வாருங்கள். அதில் என்னென்ன கேட்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அதுதான் நேர்முகத் தேர்வு. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. மழை நாளில் ஈரச் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறவும்.